காசிக்குப் போகாத பட்டாபி

கொல்கத்தாவில் தமிழ்ப் பிராமணர் வீடுகளில் திவசம் வந்தால் முதலில் திதி பார்ப்பார்கள். அடுத்தபடியாகப் பட்டாபி ஊரில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். வாழை இலையும் வாழைக்காயும் லேக் மார்க்கெட்டில் கிடைத்துவிடும். எள்ளுக்கும் தர்ப்பைக்கும் பஞ்சமில்லை. போனவர்களின் இடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, திவசம் பண்ணுகிற பிள்ளையின் மனசு குளிர வயிறாரச் சாப்பிட ஒரு மனுஷன் வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஊரில் ஆள் இல்லை. இருக்கிற நாலு பேரில் ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு வாயு. இன்னொருத்தர் இலையில் உட்கார்ந்ததிலிருந்து மெட்ரோவைப் பிடிக்கணுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பட்டாபி அந்த ரகம் இல்லை. ஜாதவ்பூரில் சொந்த ஃப்ளாட், ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் சீனியர் மேனேஜர், ஐம்பத்து மூணு வயசு, நூற்று முப்பத்தொரு கிலோ. திவசத்தன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நிதானமாக வருவார். இலையில் உட்கார்ந்தபின் பேசக்கூடாது என்பது சாஸ்திரம். வேண்டும், வேண்டாம் எல்லாம் சைகைதான். மற்றவர்கள் போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவார்கள். பட்டாபி உள்ளங்கையைக் கொஞ்சம் விரித்து, வரட்டும் என்பார். அதிரசம் பதினொன்று, வடை ஒன்பது போகும். பாயசத்தை யாரும் எண்ணியதில்லை. "பட்டாபி சாப்பிட்டா ரெண்டு தலைமுறைக்கு ஏப்பம் வரும்" என்று பாலசுப்ரமணிய வாத்தியார் சொல்லிக்கொண்டு திரிவார். அதில் ஒரு உண்மையும் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாற ஆரம்பிக்கிற பிள்ளை, நாலாவது வடைக்கு மேல் லேசாகச் சிரித்துவிடுவான். அப்பா நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று ஒரு நிம்மதி வந்துவிடும்.

இப்பேர்ப்பட்ட பட்டாபிக்குத்தான் போன வருஷம் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள்.

எடுக்காமல் என்ன செய்வது? முழங்கால் இரண்டும் மக்கர். மூணாவது மாடிக்கு ஏறுவதற்குள் மூணு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கணும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற பெண் மேக்னா லீவுக்கு வந்தவள், அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, அப்பாவைக் கையைப் பிடித்து பைபாஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். இரைப்பை ஒரு வாழைப்பழம் அளவுக்கு ஆகிவிடும். எடை தானாக இறங்கும். சர்க்கரையும் கட்டுக்குள் வரலாம். பட்டாபி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அப்புறம் விருந்துச் சாப்பாடு? டாக்டர் மேஜைமேல் குண்டூசி போட்டு வைத்திருந்த சின்னக் கிண்ணத்தைக் காட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைவிடப் பெரிய பாடு, யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்பது.

பெங்காலிகளிடம் ஒரு கஷ்டமும் இல்லை. கீழ் வீட்டு சைதன்யா தா, நம் பாஷையில் சைதன்யா அண்ணா, முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்து, தையலை எட்டிப் பார்த்து, எத்தனை இன்ச் எடுத்தார்கள் என்று கேட்டு, பப்பாளிக்காயை வேகவைத்து மசித்துச் சாப்பிடுவது எப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் கட்டடத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தரும் முகத்தைச் சுளிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு வயிற்றைப் பற்றிப் பேசுவது மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ஆபீசில் ஹெர்னியா என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

தமிழ்க்காரர்களிடம்தான் வாய் வரவில்லை. 'வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிண்டான்' என்று யாராவது ஒருத்தர் சொல்லாமலா இருப்பார்? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருக்கு உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. மேனேஜர் என்று இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பட்டாபி என்றால் இலைதான். அந்த இலை போனால் தன்னை எவன் கூப்பிடப் போகிறான்?

இந்த இடத்தில் ஷியாமளா புத்தியைத் தீட்டினாள். பட்டாபியின் மனைவி; ஒரு பொய் சொன்னால் அதற்குச் சட்டை, செருப்பு எல்லாம் போட்டு அனுப்புகிறவள். மூணு வாரம் எங்கே போனேள் என்று கேட்டவர்களிடம், காசி கயா யாத்திரை என்று சொல்லிவிட்டாள். ஹவுராவில் ரயிலேறினோம், கயாவில் பிண்டம் போட்டோம், அவருக்கு அலைச்சலில் உடம்பு இளைத்துவிட்டது. அழகான பொய்தான். ஆனால் காசிக்குப் போனவர்களை நம் மனுஷர்கள் சும்மா விடுவார்களா? கயாவில் என்ன காயை விட்டேள் என்று முதல் கேள்வி. அங்கே போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றை ஆயுசுக்கும் விட்டுவிட்டு வரணும் என்பது வழக்கம். ஷியாமளா யோசிக்காமல் பாகற்காய் என்றாள். பட்டாபிக்கு உயிரே பாகற்காயில்தான் இருந்தது. கொஞ்சம் பீர்க்கங்காய், சுரைக்காய் என்று சொல்லக்கூடாதா என்று அவர் ஒரு வாரம் புலம்பினார். பிடிக்காத காயை விட்டால் எவர் நம்புவார் என்றாள் அவள்.

அடுத்த கேள்வி: தீர்த்தம் எங்கே? டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கங்கைக்கரையில் பாபுகாட் படித்துறைக்குப் போவது வழக்கமாகியிருந்தது. ஒரு ஞாயிறு ஷியாமளா பையிலிருந்து ஐந்து சின்னச் செப்புச் சொம்பை எடுத்தாள். காளிகாட் கடையில் வாங்கியது. மூடியை ஈயம் வைத்து அடைத்துத் தரவும் அங்கேயே ஆள் இருந்தான். படியில் இறங்கி, ஐந்து சொம்பையும் முங்க வைத்து எடுத்தாள். பட்டாபி மேல்படியில் நின்று யாராவது தமிழ் முகம் வருகிறதா என்று காவல் காத்தார். "காசியிலேர்ந்து இறங்கி வர்ற கங்கைதானே, நாம என்ன குழாய்த் தண்ணியா பிடிக்கறோம்" என்றாள் ஷியாமளா. அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

மூணாவதாக, எல்லாவற்றையும் அடைக்கிற மாதிரி ஒரு விரதம். காசியிலிருந்து வந்தபின் ஒரு வருஷம் அடுத்தவர் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அவர் சங்கல்பம் செய்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். கல்யாணம், திவசம், கொலு, எதிலும் யாரும் தொந்தரவு பண்ணவில்லை. பட்டாபி மளமளவென்று இளைத்தார். நூற்று முப்பத்தொன்று நூறாயிற்று, தொண்ணூறாயிற்று, எண்பத்தேழில் வந்து நின்றது. மூணு மாடியும் ஒரே மூச்சில் ஏறினார். பாதிப் பேர் மனுஷன் தேஜஸாக இருக்கிறார், விரதம் பண்ணினால் இப்படிப் பண்ணணும் என்றார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய வியாதி, வெளியில் சொல்லவில்லை என்றார்கள். வாத்தியாரின் மச்சினன் தொப்பையைக் குறைக்கக் காசிக்கு டிக்கெட்டே போட்டுவிட்டான்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், கோமளம் மாமி மட்டும் நடுவில் போகாமல் இருந்திருந்தால்.

கோமளம் மாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். பட்டாபி இருபத்து நாலு வயசில், பெங்காலியும் தெரியாமல் கடுகெண்ணெய் வாசனையும் தாங்காமல் இந்த ஊரில் வந்து விழுந்தபோது, லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மாமியின் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. மாயவரத்துப் பையன் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவளாகக் கூப்பிட்டாள். பட்டாபி சாப்பிடுவதை முகவாயில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய பிள்ளை உதய் சாதத்தைத் தட்டில் கோலம் போடுகிற ஜாதி. அந்தக் குறையெல்லாம் பட்டாபியிடம் தீர்ந்தது. கல்யாணமானபின் ஷியாமளாவையும் சேர்த்துக்கொண்டாள்.

ஐந்து சொம்பில் ஒன்று மாமிக்குப் போயிற்று. மாமி அப்போதே படுக்கை. கொடுத்த சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தான் காசிக்கே போனதில்லை, காசி வீடு தேடி வந்துவிட்டது என்று பட்டாபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாசத்தில் போய்விட்டாள். கடைசி நிமிஷத்தில் உதய்தான் ஈயத்தைப் பெயர்த்து, ஒரு உத்தரணித் தண்ணீரை அவள் வாயில் விட்டான். அது உள்ளே இறங்கியது. பட்டாபி கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சொல்லியிருக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் அன்றையிலிருந்து அந்த ஒரு உத்தரணி அவர் நெஞ்சிலேயே நின்றுகொண்டிருந்தது.

வருஷம் ஓடிவிட்டது. ஜூன் மாசத்து வேக்காட்டில் பட்டாபி ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பாலசுப்ரமணிய வாத்தியாரின் போன் வந்தது. உம்ம விரதம் போன மாசமே முடிஞ்சுதே, நான் எண்ணிண்டுதான் இருந்தேன் என்றார். வரும் புதன்கிழமை கோமளம் மாமிக்கு வருஷ திவசம். சால்ட் லேக்கில் உதய் வீட்டில். பித்ரு ஸ்தானத்தில் பட்டாபிதான் உட்காரணும். வாத்தியார் வைத்ததும் உதயே கூப்பிட்டான். செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் ராத்திரி பகல் தெரியாமல் வேலை பார்க்கிறவன். அதிகம் பேசத் தெரியாதவன். மாசாமாசம் நடந்ததற்கெல்லாம் உங்களைக் கூப்பிட முடியவில்லை, யார் யாரோ வந்து கொறித்துவிட்டுப் போனார்கள் என்றான். அப்புறம், "நீங்க சாப்பிட்டாதான் மாமா, அம்மா சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்றான். பட்டாபி வாய் தவறி, வரேண்டா என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. ஷியாமளா கூடத்தில் இலையைப் போட்டு முழுச் சாப்பாடு பரிமாறினாள். சாதத்தைப் பரப்பினால் குறைந்த மாதிரி தெரியும், வடையைப் பிட்டுக் கறிக்கு அடியில் தள்ளலாம், அதிரசத்தை நொறுக்கி இலை ஓரத்தில் பரத்தலாம் என்று மூணு நாள் விதவிதமாகப் பார்த்தார்கள். நாலு வாய் சாதம், அரை வடை. அதற்கு மேல் ஒரு பருக்கை போனாலும் நெஞ்சை அடைத்தது. மூணாம் நாள் வைராக்கியமாக இன்னும் இரண்டு வாய் தள்ளிவிட்டு, வாஷ்பேசினுக்கு ஓடினார். சத்தம் கேட்டு மேலே வந்த சைதன்யா தா, இலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெரிந்தேதான் இதைச் செய்கிறீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பட்டாபி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். கோமளம் மாமி போட்ட சாதத்தைத் தின்றவன், அவள் இலையில் போய்க் கண்கட்டு வித்தை பண்ணுவதா என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. உதய்கிட்டச் சொல்லிடப் போறேன் என்றார். ஷியாமளா, ஆபரேஷனைச் சொல்லுங்கோ, பரவாயில்லை, தண்ணியைச் சொல்லாதேள் என்றாள். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது. உங்க மனசு லேசாகணும்னு அவன் தலையில் கொண்டுபோய்க் கொட்டாதேள் என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து நேரே சால்ட் லேக்குக்குப் பஸ் ஏறினார். உதய் வீட்டில் மறுநாள் வேலை ஜரூராக நடந்துகொண்டிருந்தது. அவன் மனைவி மிருதுளா மாமியின் பழைய சமையல் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பிரண்டையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பட்டாபி உதயைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், சுற்றி வளைக்காமல் ஆபரேஷனைச் சொன்னார். விரதம் பொய், காசி பொய். சட்டையை லேசாகத் தூக்கித் தழும்பையும் காட்டினார். நாளைக்கு என்னால நாலு வாய்தான் முடியும்டா, வேற யாரையாவது உட்கார்த்திக்கோ என்றார்.

உதய் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வர. அவருக்குப் புற்றுநோய் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்கவும் பயமாக, கேட்காமல் இருக்கவும் முடியாமல் ஆறு மாசமாகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்போ பாகற்காய் சாப்பிடலாமா மாமா நீங்க? உங்க இலைக்கு மட்டும் வேண்டாம்னு மிருதுளாகிட்டச் சொல்லி வச்சிருந்தேன்."

பட்டாபிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை சுலபமா இது, இதற்கா ஒரு வருஷம் என்று இருந்தது. ஷியாமளா சொன்ன எல்லையில் வந்து சரியாக நின்றாயிற்று. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் கதை முடிந்தது. உள்ளே வந்தார். கூடத்தில் மாமியின் படம். அதன் கீழே ஒரு மணைமேல் அந்தச் செப்புச் சொம்பு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, கழுத்தில் ஒரு முழம் மல்லிகை சுற்றி வைத்திருந்தார்கள். பெயர்த்த ஈயத் துணுக்கைக்கூட ஒரு தட்டில் பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

காசிக்குப் போகவில்லை என்று சொன்னாயிற்று. அந்தப் பையன் அதிலிருந்து இதைக் கணக்குப் போட எத்தனை நேரம் ஆகும்? இன்று போடாவிட்டால் நாளை ஹோமத்தின் நடுவில் போடுவான், இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அப்போது பக்கத்தில் தான்கூட இருக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே பட்டாபி வாசல்வரை போனார். செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தார்.

"உதய், அந்தத் தண்ணி காசித் தண்ணி இல்லைடா. பாபுகாட்ல மொண்டது. அன்னிக்கு உன் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு வாய் வரல."

மிருதுளாவின் கை பிரண்டையில் அப்படியே நின்றுவிட்டது. உதய் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தான், சொம்பைப் பார்த்தான். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்கோ மாமா" என்றான். அவ்வளவுதான். கோபமா, மரியாதையா, வேறு ஆள் கிடைக்கமாட்டான் என்பதா, பட்டாபிக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

புதன்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். உதய் ஈர வேட்டியோடு வந்து, வழக்கம்போல் அவர் காலை அலம்பிவிட்டான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாத்தியாருக்கு விஷயம் போயிருந்தது. பட்டாபி ஒதுங்கி நின்று, வயிற்றில் முக்கால்வாசி இல்லாதவன் உட்காரலாமோ, அங்கஹீனம் என்று சாஸ்திரம் சொல்லுமோ என்று இழுத்தார். பாலசுப்ரமணிய வாத்தியார் தர்ப்பையை முறுக்கிக்கொண்டே, பக்கத்து இலையில விஸ்வேதேவருக்கு உட்கார்ந்திருக்கறவருக்குப் பித்தப்பை கிடையாது, எனக்கு ஒரு பல்லும் சொந்தம் இல்லை, இந்த ஊர்ல அதையெல்லாம் பார்த்தா பித்ருக்கள் பட்டினிதான், உட்காரும் என்றார். என் மச்சினன் காசியில் வெயிலில் வெந்துண்டிருக்கான், உம்மை அப்புறம் கவனிச்சுக்கறேன் என்று தனியாக ஒரு வார்த்தையும் சொன்னார்.

இலை போட்டார்கள். பட்டாபி உட்கார்ந்தார். இனி பேச்சு இல்லை. உதய் பரிமாற வந்தான். அவன் கையில் கரண்டி இல்லை, ஸ்பூன் இருந்தது. ஒரு ஸ்பூன் சாதம், நெல்லிக்காய் அளவு துவையல், ஒரு விரல்கடை வாழைக்காய், வடையில் கால்வாசி, அதிரசத்தில் ஒரு விள்ளல். மூலையில் நாலே துண்டு பாகற்காய். இலையில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாம் மாமி வைக்கிற இடத்தில் இருந்தன, அளவு மட்டும் குழந்தைக்கு வைக்கிற மாதிரி.

டாக்டர் சொல்லியிருந்தபடி ஒவ்வொரு வாயையும் மென்று மென்று சாப்பிட்டார் பட்டாபி. முப்பது வருஷமாக எத்தனையோ இலையில் உட்கார்ந்தவர். துவையலுக்கும் தொண்டைக்கும் நடுவில் நாக்கு என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கவனித்தார். பிரண்டைத் துவையலில் மாமி ஒரு துளி வெல்லம் வைப்பாள். மிருதுளா அதை நோட்டில் பார்த்து வைத்திருந்தாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமை தின்றும் இந்த வெல்லம் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்குத் தாங்கவில்லை. பாகற்காயை வாயில் போட்டபோது கண் கலங்கிவிட்டது, கசப்பினால் இல்லை. பக்கத்து இலைக்காரர் முடித்துவிட்டுக் காத்திருந்தார். வாத்தியார் விசிறிக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. உதய் ஸ்பூனோடு பக்கத்திலேயே நின்று, மாமி நிற்பாளே அப்படி, முகவாயில் கையை வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவதையே பார்த்தான். தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. சாப்பிட்டவர்களுக்குத் திருப்தியா என்று பிள்ளை கேட்கணும், திருப்தி என்று அவர்கள் சொல்லணும். வாத்தியார் சமஸ்கிருதத்தில் எடுத்துக்கொடுக்க, உதய் அதைத் திருப்பிச் சொன்னான். குரல் நடுவில் உடைந்தது. இந்தக் கேள்விக்குப் பட்டாபி நூறு தடவையாவது பதில் சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் இன்னும் ஒரு வடைக்கு இடம் இருக்கிறதே என்று ஓரமாக ஒரு நினைப்பு ஓடும். இன்றைக்கு அந்த நினைப்பு வரவில்லை. வயிறு நிறைந்திருந்தது. மனசு மட்டும், பிள்ளை என்ன நினைக்கிறானோ என்று பாக்கி நின்றது. இருந்தாலும் சொன்னார், சமஸ்கிருதத்தில் சொல்லிவிட்டு, சாஸ்திரத்தில் இல்லாத ஒன்றும் செய்தார். "திருப்திடா கண்ணா" என்று தமிழிலும் சொன்னார். வாத்தியார் காதில் விழாத மாதிரி அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

எல்லாம் முடிய இரண்டு மணி ஆயிற்று. பட்டாபி வெற்றிலையை வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றார். இனி இந்த வீட்டுக்குக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. கூப்பிடாவிட்டால் கேட்க வாயில்லை. உள்ளேயிருந்து உதய் வந்தான். ஒரு கையில் பிண்டம் வைத்த வாழை இலைப் பொட்டலம், இன்னொரு கையில் அந்தச் செப்புச் சொம்பு. மல்லிகையைக் கழற்றியிருந்தான்.

"பிண்டம் கரைக்கணும் மாமா. பாபுகாட் போலாம்னு வண்டி வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்கோ. எந்தப் படியில மொண்டேள்னு காட்டுங்கோ, இதுல தீர்ந்து போயிடுத்து."

பட்டாபி சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டார். காலிச் சொம்புதான், ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கீழேர்ந்து மூணாவது படி" என்றார். "வழுக்கும், என் கையைப் பிடிச்சுக்கோ."